பரணில் இருந்து இறங்கிய வால்வு றேடியோ: பிளக்கைக் குத்த முதல்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். அப்பப்பாவின் மரப்பெட்டி வால்வு றேடியோ ஒன்று, இடம்பெயர்வுக்கு முதலே வவுனியாவில் மாமி வீட்டுப் பரணுக்குப் போனதால் தப்பியிருக்கிறது. உள்ளே ஈசிஎச்81, ஈஎப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80, ஈஎம்80 என்று ஆறு வால்வுகள். பக்கத்து வீட்டு ஐயா தந்த சின்ன பேக்கலைட் றேடியோ ஒன்றும் இருக்கிறது. அதில் யூசிஎச்81, யூபிஎப்89, யூசிஎல்82, யூவை85. இரண்டையும் ஒருக்கால் கரண்டில் போட்டுப் பார்க்கலாமா? வால்வு எல்லாம் மாற்ற வேண்டுமா? உள்ளதைக் கழற்றிவிட்டுப் புளூடூத் போர்ட் வைத்துத் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார், அது நல்லதா? எனக்குச் சோல்டர் பிடிக்கத் தெரியும், மல்ரிமீற்றரும் இருக்கிறது.

பதில்: தம்பி, முதற் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போடவேண்டாம். "ஒருக்கால் போட்டுப் பார்ப்பம்" என்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் இப்படியான றேடியோக்களில் அதிகமானவை செத்திருக்கின்றன. ஓடி ஓடிப் பழுதானவை குறைவு. காரணத்தை விளங்கிக்கொண்டால் மற்ற வேலை எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

பழைய றேடியோவில் முதலில் கெடுவது வால்வு அல்ல, கண்டென்சர், அதாவது மின்னைத் தேக்கி வைக்கும் சின்ன உறுப்பு. மெழுகோ தாரோ பூசிய காகிதக் கண்டென்சர்கள் எங்கள் மாரிக் காற்றின் ஈரத்தை வருடக்கணக்காக உறிஞ்சி, மெல்ல மெல்லக் கரண்டைக் கசியவிடத் தொடங்கும். அதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விடப் பொல்லாதது. அது ஈபிசி81-இன் ஆனோட்டில் (வால்வின் நேர் தகட்டில்) இருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84-இன் 2ஆம் காலுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும், பெரும்பாலும் 0.01 மைக்ரோபரட். ஆனோட்டுப் பக்கத்து உயர் வோல்ற்றேஜை மறித்து, பாட்டை மட்டும் கடத்துவது அதன் வேலை. அது கசிந்தால் ஈஎல்84-இன் கிரிட்டில் நேர் வோல்ற்றேஜ் ஏறும், வால்வு மட்டுமீறிக் கரண்ட் இழுக்கும், ஆனோட்டுத் தகடு சிவக்கும். அதோடு அவுட்புட் டிரான்ஸ்போமரின் மெல்லிய கம்பி எரியும், கரண்டை டிசியாக்கும் ஈஇசட்80 களைத்துப்போகும், கடைசியில் மெயின் டிரான்ஸ்போமரும் சேர்ந்து போகும். வால்வை வாங்கிவிடலாம், அந்த டிரான்ஸ்போமரை வாங்க முடியாது. ஒரு சின்ன மலிவுச் சாமானுக்காக அதைப் பலிகொடுக்கக்கூடாது.

உங்கள் இரண்டு றேடியோவும் ஒரே சாதி அல்ல என்பதையும் வால்வு இலக்கத்தின் முதல் எழுத்தே சொல்லிவிடுகிறது. ஈ என்றால் 6.3 வோல்ற் ஹீற்றர், அப்பப்பாவின் றேடியோவில் டிரான்ஸ்போமர் இருக்கிறது. யூ என்றால் 100 மில்லிஅம்பியர் ஹீற்றர், எல்லாம் தொடராக. அந்தச் சின்ன றேடியோவில் மெயின் டிரான்ஸ்போமரே இல்லை. வீட்டுக் கரண்டின் ஒரு வயர் நேராகச் சசியில் (எல்லாம் பூட்டியிருக்கும் தகரச் சட்டத்தில்) தொட்டிருக்கும். இரண்டு கால் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிக் குத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்தத் தகரம் முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கலாம். கையால் திருப்பும் குமிழைக் கழற்றினால் வெளியே தெரியும் அச்சும் அப்படித்தான். ஆகவே பேக்கலைட் றேடியோவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

மரப்பெட்டி றேடியோ

வேலை மேசையில் சில பழக்கங்கள் முதலில். இந்த றேடியோவின் உயர் வோல்ற்றேஜ் 250 முதல் 300 வோல்ற் டிசி. பிளக்கைக் கழற்றிய பிறகும் வடிகட்டும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். வீட்டு ட்ரிப் சுவிச் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். அது பிளக்கில் இருந்து டிரான்ஸ்போமர் வரை உள்ள கசிவைத்தான் பார்க்கும். டிரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் உங்கள் ஒரு கையில் இருந்து மற்றக் கைக்குக் கரண்ட் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் கரண்ட் உள்ளபோது அளந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மீற்றரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சசியில் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, மணிக்கூடு கழற்றவும். வெறுங்காலுடன் சீமெந்து நிலத்தில் நிற்கவேண்டாம், காய்ந்த பலகையும் றப்பர் செருப்பும் வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர், மெயின் சுவிச் எங்கே என்று தெரிந்தவர், கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும்.

கண்டென்சரை வெறுமையாக்க 10 கிலோஓம், 5 வாற் றெசிஸ்ரர் ஒன்றின் இரு பக்கமும் காப்பிட்ட வயரும் கிளிப்பும் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சசியில், மற்றது கண்டென்சரின் நேர் முனையில், பத்துச் செக்கன். பிறகு மீற்றரால் பார்த்து, 10 வோல்ற்றுக்குக் கீழே வந்தபின்தான் கை வைக்கவேண்டும். வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் பெரிய கண்டென்சர்களில் வோல்ற்றேஜ் கொஞ்சம் தானாகத் திரும்பி எழும்பும். ஸ்குறூ டிறைவரைக் குறுக்கே வைத்துப் "படார்" என்று அடிக்கிற பழக்கம் பல கடைகளில் உண்டு. அது முனையைப் பொசுக்கும், கண்ணுக்கும் நல்லதல்ல. இன்னொன்று, மஞ்சள் நிற மலிவு மீற்றரின் வயர்களை 300 வோல்ற்றுக்கு நம்பாதீர்கள். 600 வோல்ற் என்று அச்சிட்ட நல்ல முனைகளாவது வாங்குங்கள்.

துப்புரவு அடுத்தது. வன்னியில் பரணில் கிடந்த பெட்டிக்குள் எலிப் புழுக்கை, குளவிக் கூடு, கறையான் மண், பல்லி முட்டை எல்லாம் இருக்கும். எலி மூத்திரம் பட்ட இடத்தில் சசி அரித்திருக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, வெளியில் வைத்து, மெல்லிய பெயின்ற் பிறஷால் தட்டி எடுங்கள். சசியின் தகரத்தை அரத்தாளால் தேய்க்கவேண்டாம். பல பழைய சசிகளில் பூசியிருப்பது கட்மியம், அதன் தூள் நஞ்சு. ஈஎல்84-க்கு மேலே பெட்டியின் உட்புறத்தில் நரைத்த வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். சுரண்டாமல் வாணிஷ் பூசி அப்படியே மூடிவிடுங்கள். வால்வுக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தால் இலக்கம் அழிந்துவிடும், நிலையப் பெயர்கள் உள்ள டயல் கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைத்தால் பெயர்கள் துணியோடு வந்துவிடும். இது இரண்டும் திருப்பி வராது. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிறேயைச் சுருள்களுக்கும் அலைவரிசைச் சுவிச்சுக்கும் அடிக்கவேண்டாம். சுவிச்சுக்கும் வால்வுக் கால்களுக்கும் ஐசோபுறோப்பைல் அற்ககோல் போதும்.

இனிக் கரண்ட் இல்லாமல் மீற்றர் வேலை. றேடியோ பிழைக்குமா என்பது இங்கேதான் தெரியும், ஒரு சதமும் செலவில்லை. மெயின் டிரான்ஸ்போமரின் முதற்சுற்று சில பத்து ஓம் காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால், உள்ளே உள்ள சுவிச், பியூஸ், வோல்ற்றேஜ் தெரிவுத் தட்டு மூன்றையும் பார்த்தபிறகே டிரான்ஸ்போமரைக் குறை சொல்லுங்கள். அவுட்புட் டிரான்ஸ்போமரின் முதற்சுற்று, ஈஎல்84-இன் 7ஆம் காலில் இருந்து உயர் வோல்ற்றேஜ் கோட்டுக்கு, 300 முதல் 700 ஓம் வரை வரும். ஸ்பீக்கர் மூன்று முதல் ஐந்து ஓம். உயர் வோல்ற்றேஜ் கோட்டுக்கும் சசிக்கும் இடையில், மீற்றர் ஏறி நின்றபிறகு, 20 கிலோஓமுக்குக் கீழே இருந்தால் எங்கோ ஷோட். டிரான்ஸ்போமர்கள் இரண்டும் நல்லது என்றால் றேடியோ பிழைக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

மாரி காலத்தில் பரணால் இறக்கியிருந்தால் டிரான்ஸ்போமரைக் காயவிடவும் வேண்டும். ஒரு பெரிய மட்டைப்பெட்டிக்குள் சசியை வைத்து, 40 வாற் இழைக் குமிழ் ஒன்றை மட்டையில் தொடாமல் எரியவிட்டால் இரண்டு பகலில் ஈரம் போய்விடும். ஆள் இல்லாத நேரத்தில் எரியவிடவேண்டாம். வெயிலில் வைப்பது பெட்டிக்குக் கேடு, மேலொட்டுப் பலகை கிளம்பிவிடும்.

என்ன மாற்றுவது, என்ன மாற்றக்கூடாது

எல்லாப் பக்கத்தாலும் போட்டோ எடுத்தபிறகே தொடங்குங்கள். ஒன்றைக் கழற்று, ஒன்றைப் பூட்டு. எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு எது எங்கே என்று தேடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற துன்பம்.

காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும், அளந்து பார்த்து நல்லது என்று வந்தாலும், மாற்றுங்கள். சாதாரண மீற்றர் சில வோல்ற்றில்தான் அளக்கும், 250 வோல்ற்றில் அது கசிவது அதில் தெரியாது. 0.01 இருந்த இடத்துக்கு 10 நனோபரட், 0.05-க்கு 47 நனோ, 0.1-க்கு 100 நனோ, எல்லாம் 630 வோல்ற் பொலிப்புறோப்பிலீன் அல்லது பொலியெஸ்ரர். ஈஎல்84-இன் ஆனோட்டில் பூட்டியிருக்கும் 2 முதல் 5 நனோபரட் கண்டென்சருக்கு மட்டும் 1600 வோல்ற் போடுங்கள், அங்கே பாட்டின் உச்சத்தில் வோல்ற்றேஜ் மிகக் கூட எழும்பும். மெயின் வயர் இரண்டுக்கும் குறுக்கே இருப்பது எக்ஸ்2 என்று அச்சிட்டதாகவும், மெயினில் இருந்து சசிக்கு இருப்பது வை2 என்று அச்சிட்டதாகவும் இருக்கவேண்டும். வை2 பழுதானால் திறந்துபோகும் வகையில் செய்யப்பட்டது. அந்த இடத்தில் சாதாரண கண்டென்சர் ஷோட் ஆனால் சசியில் கரண்ட்.

வடிகட்டும் கண்டென்சர் அலுமினியக் குவளையில் 50+50 மைக்ரோபரட் என்று இருக்கும். அதை மெல்ல மெல்ல வோல்ற்றேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அறுபது வருடம் தாண்டிய குவளைக்கு அந்த மினைக்கேடு தேவையில்லை. குவளையை அழகுக்கு மேலேயே விட்டு, வயர்களை மட்டும் கழற்றி, கீழே 47 மைக்ரோபரட் 450 வோல்ற் 105 பாகை இரண்டு பூட்டுங்கள். "கூடப் போட்டால் இரைச்சல் குறையும்" என்று 220 மைக்ரோபரட் போடவேண்டாம். ஈஇசட்80-க்குப் பின்னால் வரும் முதற் கண்டென்சருக்கு எல்லை 50 மைக்ரோபரட், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை போடும்போதும் அந்த வால்வு அடி வாங்கும். 450 வோல்ற் என்று எழுதிய கண்டென்சர் சந்தேகமான அளவுக்குச் சின்னதாக இருந்தால் வாங்காதீர்கள், மேலுறை மாற்றிய சாமான் நிறையப் புழங்குகிறது.

செறாமிக், மைக்கா, கண்ணாடி போலத் தெரியும் ஸ்ரைறோபிளெக்ஸ் மூன்றையும் தொடவேண்டாம். ஐஎப் சுருள்களின் (நிலையத்தைப் பிரித்தெடுக்கும் சுருள்களின்) நடுத் திருகாணிகளைத் தொடவே வேண்டாம். ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் றேடியோ செவிடாகிவிடும், சிக்னல் ஜெனறேற்றர் இல்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. றெசிஸ்ரர்களில் 100 கிலோஓமுக்கு மேற்பட்டவை ஈரத்தால் பெறுமதி கூடியிருக்கும். ஒரு காலைத் தூக்கி அளந்து, 20 வீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றுங்கள். பழைய சொக்கற்றுகளின் தகடுகள் பொடுபொடு என்று முறியும், ஆதலால் பழைய காலை இழுத்துப் பிடுங்காமல் சிறு கொளுக்கி விட்டு வெட்டி, அதில் புதியதைப் பற்றவையுங்கள். பற்றவைத்த கையோடு சாப்பிடவேண்டாம், அது ஈயம்.

தொட்டால் உதிரும் றப்பர் மெயின் வயரை எறிந்துவிட்டு மூன்று கம்பி வயர் போடுங்கள். மண்கம்பி சசியில், கரண்ட் வரும் லைன் கம்பி 500 மில்லிஅம்பியர் மெதுவாக எரியும் பியூஸ் ஊடாக. றேடியோ இழுப்பது ஐம்பது வாற் அளவு, அதாவது கால் அம்பியருக்கும் குறைவு. வோல்ற்றேஜ் தெரிவுத் தட்டில் 220-உம் 240 அல்லது 245-உம் இருந்தால் பெரியதில் வையுங்கள். பழைய டிரான்ஸ்போமருக்கும் வால்வுக்கும் அது ஆறுதல்.

முதல் முறை கரண்ட்

60 வாற் பழைய இழைக் குமிழ் ஒன்றை லைன் கம்பியில் தொடராகப் பூட்டுங்கள். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. உள்ளே ஷோட் இருந்தால் குமிழ் முழுதாக எரியும், றேடியோ தப்பும். நினைவிருக்கட்டும், இது றேடியோவைக் காப்பதற்கு. உங்களைக் காக்காது, கரண்ட் அடித்தால் அடித்ததுதான்.

ஈஇசட்80-ஐக் கழற்றிவிட்டு முதலில் போடுங்கள். குமிழ் ஒருகணம் மின்னி மங்கவேண்டும், வால்வுகளின் அடி மெல்லச் சிவக்கவேண்டும். பத்து நிமிடம் விட்டு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டிரான்ஸ்போமரைத் தொட்டுப் பாருங்கள். சூடேறாமல் இருந்தால் ஈஇசட்80-ஐச் செருகுங்கள். ஸ்பீக்கர் வயர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் பாடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்போமருக்குள் பொறி பாயும். இப்போது குமிழ் மின்னி, மங்கி, அரை நிமிடத்தில் சற்றே திரும்ப ஒளிரும். அது ஈஎல்84 வேலைக்கு வந்த அடையாளம். இந்த நிலையில் றேடியோவுக்கு அரைவாசிக்குச் சற்றுக் கூடிய வோல்ற்றேஜ்தான் போகிறது, பாடாவிட்டால் பயப்படவேண்டாம்.

பிறகு குமிழை எடுத்துவிட்டு நேராக. மீற்றர் முதலில் போகவேண்டிய இடம் ஈஎல்84-இன் 2ஆம் கால். அங்கே சைபர். அரை வோல்ற் நேராக ஏறினாலும் நிறுத்தி, அந்தக் கண்டென்சரின் ஒரு காலைத் தூக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். வோல்ற்றேஜ் போனால் புதுக் கண்டென்சரிலேயே குறை, போகாவிட்டால் வால்வுக்குள் வாயு. அடுத்தது 3ஆம் கால். அங்கே ஆறு முதல் எட்டு வோல்ற் வரும். அதை அந்தக் காலில் இருந்து சசிக்குப் போகும் கதோட்டு றெசிஸ்ரரின் ஓமால் பிரித்தால் கரண்ட் கிடைக்கும். உதாரணமாக 160 ஓமில் 7.5 வோல்ற் என்றால் 47 மில்லிஅம்பியர், சரியான அளவு. 60-ஐத் தாண்டினால் விடவேண்டாம். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, ஆனோட்டு சிவக்கிறதா, தார் மணக்கிறதா என்று கவனியுங்கள்.

வால்வுகள் பற்றிய கேள்விக்கு இப்போதுதான் இடம். பெரும்பாலும் ஒன்றும் மாற்றவேண்டி வராது. தலையில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய நீலம் தெரிந்தால் பிழையில்லை, தகடுகளுக்கு இடையே ஊதா நிறம் தெரிந்தால் பிழை. ஈஎம்80-இன் பச்சைக் கண் மங்கலாக இருப்பது வயதுக் குறை, அதற்காகச் செலவழிக்க வேண்டாம். ஈஎல்84 இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. மற்றவற்றைப் பழைய இருப்பில்தான் தேடவேண்டும். கண்டென்சர்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். சென்னைக்குப் போய்வரும் ஆள் இருந்தால் ரிச்சி தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம், இந்தியாவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகள் செய்தது.

பேக்கலைட் றேடியோ

இதைத் திறந்து வேலை செய்ய 230-க்கு 230 வோல்ற், 100 விஏ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் ஒன்று கட்டாயம். அது கைக்கு வரும்வரை பிளக்கில் குத்தவே வேண்டாம். ஹீற்றர்களின் கணக்கு இது: 19, 19, 50, 38, கூட்டினால் 126 வோல்ற். மிச்சம் 104 வோல்ற்றைச் சுமார் 1000 ஓம் சூட்டு றெசிஸ்ரர் ஒன்று விழுத்தும், பத்து வாற் வெப்பத்தோடு. ஒரு வால்வும் ஒளிராவிட்டால் நான்கில் ஒன்றின் இழையோ அந்த றெசிஸ்ரரோ அறுந்திருக்கிறது, 4ஆம் 5ஆம் கால்களுக்கிடையே அளந்தால் எது என்று தெரியும். கண்டென்சர் வேலை முன்னையது போலவே. ஏரியல் துளைக்கும் எர்த் துளைக்கும் போகும் கண்டென்சர்கள் வை2 அல்லது வை1 ஆக இருக்கட்டும். இதன் சசிக்கு மண்கம்பி பூட்டவே கூடாது. வேலை முடிந்ததும் பின்மூடி பூட்டி, கையால் திருப்பும் குமிழ்களின் திருகாணித் துளைகளை மெழுகால் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. கரண்ட் பிந்தி வந்த எங்கள் ஊர்களில் பற்றரி வால்வு றேடியோவும் கிடைக்கும். டிகே96, டிஎப்96, டிஏஎப்96, டிஎல்96 என்று டியில் தொடங்கினால் அதன் இழைக்கு 1.4 வோல்ற்தான். மெயினில் கொடுத்தால் நான்கும் ஒரே கணத்தில் போகும். ஒன்பது வோல்ற் பற்றரி பத்தைத் தொடராகப் பூட்டினால் 90 வோல்ற், இழைக்குப் பெரிய டோர்ச் பற்றரி ஒன்று. இழை வயரை முதலில் பூட்டுங்கள், 90 தவறி அந்தப் பக்கம் தொட்டாலும் கதை முடிந்தது.

புளூடூத்

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளதைக் கழற்றினால் மிஞ்சுவது பெட்டி போட்ட சாதாரண ஸ்பீக்கர், அது கடையிலேயே மலிவு. மரப்பெட்டி றேடியோவின் பின்னால் கிறாமபோனுக்கு என்று இரண்டு துளை இருக்கும். போனின் அல்லது சின்னப் புளூடூத் கருவியின் இடது, வலது வயர்களை ஒவ்வொரு 1 கிலோஓம் றெசிஸ்ரர் ஊடாகச் சேர்த்து, 600-க்கு 600 ஓம் ஓடியோ டிரான்ஸ்போமர் ஒன்றின் வழியாக அந்தத் துளையில் கொடுத்தால், பழைய வால்வும் பழைய ஸ்பீக்கரும் புதுப் பாட்டைப் பாடும். ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை. பேக்கலைட் றேடியோவுக்கு இதைச் செய்யவேண்டாம், அதன் சசியில் உள்ள கரண்ட் போனுக்கும் போனைப் பிடிக்கும் கைக்கும் வரும்.

மீடியம்வேவில் வைத்தால் கறகற என்று இரைந்தால் றேடியோவைக் குறை சொல்ல முதல் வீட்டு எல்ஈடி குமிழ்களையும் போன் சார்ஜர்களையும் நிறுத்திப் பாருங்கள். சோலார் இன்வேற்றரில் ஓட்டுவதென்றால் அது சுத்த சைன் அலை தருவதா என்று கேட்டறியுங்கள், சதுர அலை தருவதில் டிரான்ஸ்போமர் உறுமிச் சூடாகும். மாரி முழுவதும் மூடி வைக்காமல், வாரத்தில் ஒரு முறை ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். மின்னல் நேரத்தில் பிளக்கையும் ஏரியலையும் இரண்டையும் கழற்றவேண்டும்.